மண் கலக்க, கலந்ததை வைக்க: பாண்டு, பேபி டப், பெயிண்ட் வாளி, சாக்கு... ஃப்ளாட்டுக்கு எது சரி?

பால்கனி எட்டு அடிக்கு மூணு அடி, அதுல 22 தொட்டி. அங்க குனியக்கூட இடம் கிடையாது, அதனால மண்ணு கலக்குறது, கலந்ததை வைக்குறது எல்லாமே எங்களுக்கு வீட்டுக்குள்ளதான், கிச்சனுக்குப் பின்னாடி வாஷிங் மெஷின் இருக்குற அந்த சின்ன இடத்துல. மொட்டைமாடி இருக்கவங்க அப்படியே கொட்டி மம்பட்டியால புரட்டிட்டுப் போயிடுவாங்க, ஃப்ளாட்ல இருக்கவங்களுக்குத்தான் எதுல கலக்குறது எதுல வைக்குறதுங்கற கேள்வியே வரும். நாலு வருஷமா ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பாத்தாச்சு, தெரிஞ்சதை எழுதுறேன்.

என் கலவை எல்லாரும் போடுறதுதான். செம்மண் ஒரு பங்கு, கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு வாளிக்கு நாலு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடி பவுடர் (வேர் அழுகல் நோயைத் தடுக்குற நல்ல பூஞ்சை). இதைக் கலந்த உடனே செடி வைக்கக் கூடாது, லேசா தண்ணி தெளிச்சு ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல போட்டு வைக்கணும், ஏன்னா பிண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், அது இளம் வேருக்கு ஆகாது, ட்ரைக்கோடெர்மாவும் பெருகுறதுக்கு நாள் வேணும். அந்தப் பத்து நாள் அது வீட்டுக்குள்ள எங்கயாவது இருந்துதானே ஆகணும். அரிசி பருப்பு மாதிரி இறுக்கி மூடி வைக்குற சரக்கு இல்ல இது, உள்ள உயிர் இருக்கு, அதுக்குக் காத்து வேணும்.

நான் முதல்ல பண்ண தப்பு, ரெண்டு வேலைக்கும் ஒரே பாத்திரத்தைத் தேடினது. கலக்க வேணும்னா வாய் அகலமா, ஆழம் கம்மியா இருக்கணும். வைக்கணும்னா இடத்தை அடைக்காம நிக்கணும், ஒரு ஆள் தூக்குற கனத்துல இருக்கணும், லேசா காத்து போகணும், ஆனா ஈ எறும்பு போகக் கூடாது. இது ரெண்டும் ஒரே சாமான்ல எனக்கு இதுவரைக்கும் அமையல.

முதல்ல கலக்குறதைப் பாப்போம்.

வாளில கலக்கவே கலக்காதீங்க. 20 லிட்டர் வாளில கையை விட்டு எவ்வளவு கிண்டினாலும் அடியில இருக்குற மண்ணு அடியிலயேதான் கிடக்கும், மேல கோகோபீட் கீழ செம்மண்ணுன்னு ரெண்டு அடுக்கா நிக்கும், முழங்கை வரைக்கும் விட்டுக் கிளறினா மணிக்கட்டு வலிதான் மிச்சம். அதைவிட அன்னக்கூடை தேவலாம், வாய் அகலம், அடி உருண்டையா இருக்கறதால மூலையில எதுவும் தங்காது. வீட்ல சோறு வடிக்கிற அலுமினிய அன்னக்கூடையை மட்டும் தயவுசெஞ்சு இதுக்கு எடுக்காதீங்க, தனியா ஒண்ணு பிளாஸ்டிக்ல வாங்கிக்கங்க. ஆனா பத்து லிட்டர் கலவைக்கு மேல போனா அன்னக்கூடை ஆட ஆரம்பிக்கும், ஒரு கையால புடிச்சுக்கிட்டு ஒரு கையால கிளறணும்.

பாண்டுன்னு சொல்றாங்களே, கொத்தனார் சாந்து அள்ளுற சட்டி, அது இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஓரம் சரிவா இருக்கும், கையால தள்ளினா எல்லாம் நடுவுக்கே உருண்டு வரும், ரெண்டு கையும் போட்டு மாவு பிசையுற மாதிரி பிசையலாம். இரும்புப் பாண்டு வேண்டாம், ஈரக் கலவையை ஒரு ராத்திரி விட்டாலே துரு புடிக்கும், அதை டைல்ஸ் மேல வச்சா துருக்கறை வட்டமா நிக்கும், அந்தக் கறையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கறுப்புக் கலர்ல பிளாஸ்டிக் பாண்டு ஹார்ட்வேர் கடையிலயே கிடைக்கும், அது போதும். கொள்ளளவு சின்னதுங்கறதுதான் குறை, ஒரு தடவைக்கு ரெண்டு சின்னத் தொட்டிக்கு ஆகற கலவைதான் வரும்.

இப்ப நான் வச்சிருக்கறது பழைய பேபி டப். குழந்தையைக் குளிப்பாட்டின டப்புதான், அவன் இப்ப ஸ்கூல் போறான், டப்பு சும்மா பரண்ல கிடந்துச்சு. நீளவாக்குல இருக்கறதால ரெண்டு கையும் வீசிக் கலக்கலாம், 25 லிட்டர் வரைக்கும் சிந்தாம வரும், பிளாஸ்டிக் வழவழன்னு இருக்கறதால ஒரு குவளை தண்ணி ஊத்தினா சுத்தமாயிடும். எல்லாத்துக்கும் மேல எங்க டப்புல அடியில ஒரு அடைப்பான் இருக்கு. கோகோபீட்டை ஊற வச்சு உப்பு போகக் கழுவணும்ல, பழுப்பா டீ டிகாக்‌ஷன் கலர்ல தண்ணி வரும், அடைப்பானை எடுத்துட்டு அந்த ஓட்டையில ஒரு துண்டு வேட்டித் துணியை வச்சு டப்பை லேசா சாய்ச்சா தண்ணி மட்டும் பாத்ரூம்ல வடிஞ்சிடும், பீட் அப்படியே நிக்கும். வேற எந்தப் பாத்திரத்துலயும் இந்த வசதி இல்ல.

கோகோபீட்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். 5 கிலோ கட்டி முழுசா ஊறினா 60 லிட்டருக்கும் மேல வரும். இது தெரியாம முதல் வருஷம் பாதிக் கட்டியை உடைச்சு 20 லிட்டர் வாளில போட்டுத் தண்ணி ஊத்திட்டு கடைக்குப் போயிட்டேன், வந்து பாத்தா வாளி நிறைஞ்சு வழிஞ்சு வாஷிங் மெஷினுக்கு அடியெல்லாம் பழுப்பு, வாளிக்குள்ள பீட் இறுகிப் போய் கரண்டி வச்சு நோண்டி எடுக்க வேண்டியதாப் போச்சு, நடுவுல இன்னும் காய்ஞ்ச கட்டியாவே இருந்துச்சு. வீட்டுக்குள்ள வேலை செய்யறவங்க 650 கிராம் சின்னக் கட்டி வாங்கிக்கிறது நல்லது, ஒவ்வொண்ணும் எட்டு ஒன்பது லிட்டர் வரும், டப்புக்குள்ள அடங்கும்.

தார்ப்பாயும் ஒரு நல்ல வழிதான். ஹால்ல விரிச்சு நடுவுல எல்லாத்தையும் கொட்டி, ஒரு மூலையைத் தூக்கி எதிர் மூலைக்குக் கொண்டு போனா கலவை தானே உருளும், அப்படியே நாலு மூலையும் மாத்தி மாத்தி ஏழெட்டு தடவை பண்ணினா கை படாமலே ஒரே சீராக் கலந்திடும். 50 லிட்டருக்கு மேல கலக்கணும்னா இதுக்கு ஈடே கிடையாது. ஆனா கீழ உக்காந்து எந்திரிக்கணும், முட்டி வலி இருக்கவங்களுக்கு ஆகாது, வீட்ல குழந்தை இருந்தா நடுவுல வந்து குதிக்கும், ஃபேனை நிறுத்தாட்டி தூசி வீடு முழுக்கப் பறக்கும்.

தூசியைச் சும்மா விடாதீங்க. உரத்துலயும் பாட்டிங் மிக்ஸ்லயும் (தொட்டிக்கான மண் கலவை) லெஜியோனெல்லா லாங்பீச்சேன்னு ஒரு பாக்டீரியா இருக்க வாய்ப்பு உண்டு, தூசியோட மூச்சுல போனா நிமோனியா வரைக்கும் கொண்டு போகும், ஆஸ்திரேலியா நியூசிலாந்துல எல்லாம் மண் பை மேலயே எச்சரிக்கை போட்டுத்தான் விக்கறாங்க. அதனால எந்தப் பாத்திரமா இருந்தாலும் முதல்ல தண்ணி தெளிச்சுட்டுக் கிளறுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, மாஸ்க் போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க.

இனி வைக்குற கதை. காசு விரயம் பண்ணதெல்லாம் இங்கதான்.

கிளிப் மூடி, சக்கரம் எல்லாம் வச்ச 50 லிட்டர் ஸ்டோரேஜ் பாக்ஸ், பாக்க அழகா இருக்கும், கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்னு வாங்கினேன். கலவையை நிரப்பினா கிட்டத்தட்ட 40 கிலோ வந்துடுச்சு. துணி வைக்கச் செஞ்ச சக்கரம் அது, ரெண்டாவது இழுப்புலயே ஒண்ணு கழண்டுடுச்சு. அதோட மூடி இறுக்கமா இருந்ததால அஞ்சாறு நாள்ல திறந்தா மூடி உள்பக்கம் வேர்த்து சொட்டுது, ஒரு புளிச்ச வாடை, அடியில அழுகின முட்டை நாத்தம். காத்தில்லாம ஈரம் மட்டும் இருந்தா இதான் ஆகும். நல்லவேளை வீணாப் போகல, தார்ப்பாயில பரப்பி மூணு நாள் ஆற விட்டதும் வாடை போயிடுச்சு. அந்த பாக்ஸ் கண்ணாடி மாதிரி உள்ள தெரியறது வேற, வெளிச்சம் படுற பக்கம் பூராவும் பச்சைப் பாசி. இப்ப அதுல காய்ஞ்ச பொருள் மட்டும்தான்: ஊற வைக்காத கோகோபீட் கட்டி, பெர்லைட் (மண்ணை லேசாக்கப் போடுற வெள்ளைப் பொரி மாதிரி கல்லு), பிண்ணாக்குப் பாக்கெட். அதுக்கு அந்த பாக்ஸ் அருமை. கடலைப் பிண்ணாக்கு வாங்குறவங்க அதைக் கட்டாயம் இறுக்கி மூடித்தான் வைக்கணும், எலியும் எறும்பும் மோப்பம் புடிச்சு வந்துடும்.

நீல ட்ரம் வீட்டுக்குள்ள வேண்டாம். உயரம் அதிகம், அடியில கிடக்குறதை எடுக்கத் தலைகீழா குனியணும். செகண்ட்ஹேண்ட்ல வர்ற ட்ரம்ல முன்னாடி என்ன கெமிக்கல் இருந்துச்சுன்னு விக்கறவருக்கே தெரியாது, கீரையும் தக்காளியும் போடுற மண்ணை அதுல வைக்க எனக்கு மனசு வரல.

அரிசிப் பை, அந்த 25 கிலோ பின்னல் பை இருக்கே, கலந்த மண்ணை ஆற வைக்க அதுதான் முதலிடம்னு நான் சொல்லுவேன். காத்து தானா போகும், உள்ள வேர்க்காது, சூடு அடங்கும், வீட்லயே சும்மா கிடைக்கும். முக்கால் பை மட்டும் நிரப்பி வாயைச் சுருட்டிக் கட்டி ஒரு தட்டு மேல நிக்க வச்சா போதும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா புரட்டிப் போடுங்க. வெயில்ல மட்டும் வைக்காதீங்க, சில மாசத்துல இழை இழையா உதிர்ந்து பிளாஸ்டிக் துணுக்கு மண்ணோட கலந்துடும். சிமெண்ட் மூட்டைச் சாக்கு வேண்டவே வேண்டாம், உதறினாலும் கழுவினாலும் ஓரத் தையல்ல சிமெண்ட் நிக்கும், அதுல சுண்ணாம்புத் தன்மை அதிகம், மண்ணோட பிஎச் (அமில-கார அளவு) ஏறிடும். கோணிப்பை கோடைக்குச் சரி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில பூசணம் புடிச்சிடும்.

ஆனா பைக்கு ஒரு குறை, இடம் இறுக்கமா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க முடியாது, சாஞ்சு விழும். அதுக்குப் பெயிண்ட் வாளி. பெயிண்டர்கிட்ட சொல்லி வச்சா எமல்ஷன் தீந்த 20 லிட்டர் வாளி நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும், சைஸ் ஒண்ணா இருக்கறதால ரெண்டடுக்கா நிக்கும், கைப்பிடி இருக்கும். உள்ள ஒட்டியிருக்குற பெயிண்ட் தோலை ஊற வச்சு முழுசா உரிச்சிடணும், அது முக்கியம். மூடிக்குக் கொஞ்சம் கீழ சுத்திவர ஆறு ஓட்டை போட்டு, உள்பக்கம் வேட்டித் துணியை ஒட்டிட்டா காத்து போகும், ஈ போகாது. அந்தக் குட்டிக் கறுப்பு ஈ ஒரு தடவை ஈர மண்ணுல முட்டை வச்சிடுச்சுன்னா ஒரு மாசம் வீடு பூரா டீ டம்ளர் வரைக்கும் வந்து விழும், மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை வச்சுத்தான் அடக்கினோம். வெறும் செம்மண்ணை வாளி நிறைய போட்டா 25 கிலோ தாண்டும், அதை மட்டும் அரை வாளியா வைங்க.

எதுல வச்சாலும் ஈரம் சரியா இல்லன்னா எல்லாம் வீண். ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தப்ப வாளியைத் திறந்து ஒரு கை அள்ளிப் பாத்துட்டு, "என்னடா இது, கொழுக்கட்டை மாவாட்டம் இருக்கு, புட்டு மாவுப் பதத்துக்கு இருக்கணும்"னாங்க. அன்னிலேர்ந்து அதான் எனக்கு அளவு. கையில புடிச்சா புடியா நிக்கணும், விரலால தொட்டா உதிரணும், தண்ணி சொட்டக் கூடாது.

ஆடிப் பட்டத்துக்கு ஆனி நடுவுலயே கலந்துடறோம். டப்புல கலந்து, பத்து நாள் அரிசிப் பையில ஆற வச்சு, அதுக்கப்புறம் பெயிண்ட் வாளிக்கு மாத்தி மூடி மேல மார்க்கர்ல தேதி எழுதிடுவேன், அப்படி நாலு வாளி, ரெண்டு ரெண்டா அடுக்கினா வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துலயே அடங்கிடும். உங்ககிட்ட இருக்கறது நாலஞ்சு தொட்டிதான்னா இவ்வளவும் வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பாண்டும் வீட்ல கிடக்குற ஒரு அரிசிப் பையும் போதும், பெயிண்டரைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்ல.