அஃபிலியேட் திட்டங்கள்: கமிஷன் சதவீதத்தைக் கடைசியில் பாருங்கள்

நீங்கள் பகிரும் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால், விற்பவர் உங்களுக்குக் கமிஷன் தருவதுதான் அஃபிலியேட் திட்டம். இதில் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எதில் கமிஷன் அதிகம்?" என்றுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறு. உங்கள் லிங்கை அழுத்தியவர் பணம் கட்ட எத்தனை நாள் யோசிப்பார்? இங்கே பலரும் தேடிப்போகும் வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

அமேசானில் லிங்கை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் மட்டும் சுமார் 90 நாள் அவகாசம் உண்டு. முந்நூறு ரூபாய் வடிகட்டியோ போன் கவரோ என்றால் பார்த்தவுடனே வாங்கிவிடுவார்கள். ஃபிரிட்ஜ் அப்படியில்லை. வீட்டில் பேசி, கடையில் நேரில் பார்த்து, தீபாவளி ஆஃபர் வரை காத்திருந்துதான் வாங்குவார்கள். விலை பெரிது, கமிஷனும் பெரிது என்று ஃபிரிட்ஜ், டிவி விமர்சனமாகவே எழுதித் தள்ளுபவர்களுக்குக் கிளிக் வரும், பணம் வராது. சமையலறைச் சாமான், புத்தகம், சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பற்றி எழுதுபவருக்கு அமேசானே போதும்.

ஆனால் விதிகளைப் படித்துவிட்டுச் சேருங்கள். முதல் 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் ஐந்தாறு பதிவுகூட எழுதாமல் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். எண்ணிக்கை குறைகிறதே என்று சொந்த லிங்கில் நீங்களே வாங்கினால் அது கணக்கில் வராது, விதிமீறலும் ஆகும். இன்னொன்று, கமிஷன் விகிதத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் மளிகைப் பொருட்களுக்கு 5 சதவீதம் 1 ஆனது. அதையே நம்பியிருந்தவர்கள் ஒரே மாதத்தில் அடிவாங்கினார்கள்.

வெப் ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்க வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்களின் திட்டங்கள் இதற்கு நேர் எதிர். ஒரே விற்பனைக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வாசகர் யோசித்து முடிக்க 30 நாள், சிலவற்றில் அதற்கு மேலும் அவகாசம் தருகிறார்கள். ஆனால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை உங்கள் பணம் உறுதியாகாது. அதைவிட முக்கியமாக, முதல் வருட விலை குறைவாகவும் புதுப்பிக்கும் விலை பல மடங்காகவும் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். அதைச் சொல்லாமல் விற்றால், அடுத்த வருடம் பில்லைப் பார்க்கும் வாசகர் திட்டப்போவது உங்களைத்தான். நீங்களே பயன்படுத்தாத ஹோஸ்டிங்கைத் தொடவே வேண்டாம். பயன்படுத்துபவர் என்றால் வாசகர் கூட்டம் சின்னதாக இருந்தாலும் அமேசானைவிட இது லாபம்.

க்யூலிங்க்ஸ், எர்ன்கரோ மாதிரி இடைநிலை நெட்வொர்க்குகளில் ஒரே கணக்கில் பல கடைகளின் லிங்க் கிடைக்கும். வசதிதான், ஆனால் நடுவில் அவர்கள் பங்கு போகும், பணம் உறுதியாக வாரக்கணக்கில் ஆகும். பல கடை ஆஃபர்களைப் பகிர்பவருக்குப் பொருந்தும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

அப்புறம், "பணம் கட்டிச் சேருங்கள், பத்துப் பேரைச் சேர்த்தால் கமிஷன்" என்று சொல்லும் கோர்ஸ் திட்டங்கள். கல்லூரி மாணவர்களைக் குறிவைத்து வருபவை இவை, எனக்கு ஆத்திரம் வருவதும் இங்கேதான். நல்ல அஃபிலியேட் திட்டம் சேருவதற்குக் காசு கேட்காது. விற்கும் பொருளே அந்தச் சேர்க்கைதான் என்றால் அது அஃபிலியேட்டே அல்ல. ஆள் சேர்த்துப் பணம் சுற்றவிடும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. எத்தனை சதவீதம் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, 20 சதவீதம் வரை போகும். இந்த லிங்கில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வீடியோவில் டிஸ்கிரிப்ஷனில் மட்டும் எழுதினால் போதாது, வீடியோவுக்குள்ளேயே அது வர வேண்டும்.