அரிவாள்மனையைப் பரணில் ஒளித்து வைத்தவளின் அனுபவம்: ஓசிடி சிகிச்சை, 16 வாரம்

பிரசவத்துக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்தேன். பாப்பாவுக்கு மூன்றாவது மாதம். பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டு இருக்கும்போது, இந்த அரிவாள்மனையால் குழந்தையை நானே ஏதாவது செய்துவிட்டால் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததோடு போகவில்லை. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அந்தப் பயம் தணிய ஏதாவது செய்துகொண்டே இருப்பதும்தான் ஓசிடி என்ற மனநோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்றைக்கே அதைப் பரணில் போட்டேன், மறுநாள் கத்தி, அதற்கடுத்த நாள் கத்தரிக்கோல், கடைசியில் பாப்பாவோடு தனியாக ஒரு அறையில் இருக்கவே பயந்தேன். அம்மா காத்துக்கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் பார்த்த கவுன்சலர் நல்ல மனுஷி. கையில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள், எண்ணம் வந்தால் சுண்டி விடு, நீ அப்படிச் செய்யவே மாட்டாய், தைரியமாக இரு என்றார். அந்த ஆறுதல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தாங்கியது. அப்புறம் மறுபடி யாராவது சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அம்மாவிடம் "நான் செய்ய மாட்டேன்ல?" என்று கேட்டிருப்பேன்.

இரண்டாவதாகப் போனது கோவையில் ஒரு சின்ன கிளினிக். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நீங்கள் தேட வேண்டியது அந்தப் போர்டை இல்லை, அங்கே செய்த சிகிச்சையை. ஈஆர்பி என்பார்கள். பயப்படுவதை நேருக்கு நேர் சந்திக்க வைத்து, பயம் தணிய அதற்குப் பிறகு செய்யும் 'பரிகாரத்தை' (ஒளித்து வைப்பது, திரும்பத் திரும்பக் கேட்பது மாதிரி) மட்டும் செய்யவிடாமல் நிறுத்துவது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு பேருக்கு இப்படிச் செய்து எழுதியதிலிருந்து வளர்ந்த முறை.

மனநல டாக்டர் முதலில் பத்துக் கேள்விகள் கேட்டார், மொத்தம் நாற்பது மார்க், மார்க் கூடினால் நோய் அதிகம் என்று அர்த்தம், எனக்கு 27. பிரசவத்துக்குப் பிறகு வரும் சைக்கோசிஸ் (நிஜம் எது என்றே தெரியாமல் போகும் தீவிர மனநோய்) இல்லை என்பதை உறுதி செய்யத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். குரல் கேட்கிறதா, அப்படிச் செய்வது சரி என்று தோன்றுகிறதா, தூக்கமே தேவைப்படாத மாதிரி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்கு அந்த எண்ணமே அருவருப்பாக இருந்தது, அதுதான் ஓசிடி என்றார். செர்ட்ரலின் என்ற மாத்திரை 50 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக 150 வரை போனது. பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும், தாய்ப்பால் நிறுத்த வேண்டாம் என்றார். முதல் பத்து நாள் குமட்டல். பலன் தெரிய இரண்டு மாதம் ஆனது, நடுவில் விட்டுவிடாதீர்கள்.

சைக்காலஜிஸ்ட் மேடம்தான் இந்த விமர்சனத்துக்கே காரணம். அவரிடமும் அதே "நான் செய்ய மாட்டேன்ல?" என்ற கேள்வியைக் கேட்டேன். "உறுதியா எனக்குச் சொல்ல முடியாதும்மா, யாருக்கும் யாரைப் பத்தியும் சொல்ல முடியாது. அந்த உறுதி இல்லாமலே நாம காய் நறுக்கணும்" என்றார். அன்று அவர்மேல் அவ்வளவு கோபம். ஆனால் ஆறுதல் சொல்லாத முதல் ஆள் அவர்தான், நான் குணமாக ஆரம்பித்ததும் அந்த இடத்தில்தான்.

முதல் வாரம் 'கத்தி' என்று தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சஷ்டி கவசம் சொல்லி அதை அழிக்கக் கூடாது. பக்திக்காகச் சொல், பயத்தை விரட்டச் சொல்லாதே என்றார். அப்புறம் மேசைமேல் கத்தி, பாப்பா பக்கத்து அறையில். பதினோராவது வாரம் பரணிலிருந்து அரிவாள்மனை இறங்கியது, பாப்பா பாயில் உருண்டுகொண்டிருக்க நான் பீன்ஸ் நறுக்கினேன். நூற்றுக்குத் தொண்ணூறு பயம், கை நடுங்கியது, முக்கால் மணி நேரத்தில் நாற்பதுக்கு வந்தது. அம்மாவையும் வரவழைத்து, நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று பழக்கினார்கள். எங்கள் எல்லோரையும்விட அம்மாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.

குறைகளும் உண்டு. ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய், டாக்டர் ஃபீஸ் தனி. உக்கடத்தில் இறங்கிப் போய்ச் சேர்ந்தால் சனிக்கிழமைகளில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, கைக்குழந்தையோடு உட்கார ஒரு தனி இடம் இல்லை. வீட்டுப்பாடத் தாள்கள் எல்லாம் ஆங்கிலம், அம்மாவுக்காக நானே தமிழில் எழுதிக்கொண்டேன். இதை அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

இவ்வளவு செலவு முடியாதென்றால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசுடையது, இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் ஈஆர்பி செய்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசி அமர்வில் என் மார்க் 11. எண்ணம் இன்னும் எப்போதாவது வருகிறது, வந்துவிட்டுப் போகிறது. மாத்திரை தொடர்கிறது, ஒரு வருஷமாவது எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடி ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார் மேடம், பாப்பாவையும் தூக்கிக்கொண்டு.