12 போர், 0.38, 7.62×51: எந்த எண்ணை நம்பலாம்?

தோட்டாவைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது ‘காலிபர்’. அரபியில் ‘காலிப்’ என்றால் வார்ப்பு அச்சு. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில், செருப்புத் தைப்பவர் தோலை மாட்டி அடிக்கும் மரக்கால் அச்சைக் குறித்த சொல் அது என்கின்றன அகராதிகள். இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்து, துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்குப் பெயராகிவிட்டது. ஆனால் அந்த உள்விட்டத்தைச் சொல்ல மூன்று வழக்குகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே தரமானவை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய ‘போர்’ கணக்கு (சண்டை அல்ல, குழலின் துளையைக் குறிக்கும் ஆங்கில bore). ‘கேஜ்’ என்பதும் இதுவே. 12 போர் என்றால் 12 மில்லிமீட்டரும் அல்ல, 0.12 அங்குலமும் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒன்று எந்தக் குழலுக்குள் கச்சிதமாக இறங்குமோ அது 12 போர். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பவுண்டுக்கு 453.6 கிராம், 12ஆல் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆக, உருண்டையின் கன அளவு 3.33 கன சென்டிமீட்டர், விட்டம் 18.5 மி.மீ. இன்றைய 12 போர் துப்பாக்கியின் பெயரளவு உள்விட்டமும் அதேதான்! நுண்ணிய அளவுகோல் எதுவும் வேண்டாம், தராசு போதும். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும் என்பதும் இதனால்தான்: 20 போர் 15.6 மி.மீ.தான். இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று ‘410’. அது நேராக 0.410 அங்குலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் தவறிப் போனால் உள்ளே சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிற உறை என்ற வழக்கம் வந்ததே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

அங்குலக் கணக்கு பார்க்க எளிது, நம்பினால் ஏமாற்றிவிடும். 0.38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில், உறையிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டு 0.38 அங்குலம் இல்லை, 0.357தான். 1851இல் வந்த கோல்ட் நேவி போன்ற 0.36 ரிவால்வர்களைப் பிற்பாடு உலோக உறைத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். அப்போது குண்டின் வெளிப்பகுதி உறையின் அகலத்துக்கே, ஏறத்தாழ 0.38 அங்குலம், இருந்தது. பிறகு குண்டு சிறுத்து உறைக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பின்னால் வந்த 0.357 மேக்னம் தோட்டாவின் குண்டும் அதே விட்டம்தான். அதன் உறையைச் சற்று நீளமாக்கியதற்குக் காரணம், பழைய 0.38 ரிவால்வருக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்பதே. பெயரில் 0.38 பெரியது, வேகத்தில் 0.357 பெரியது. புதிதாகப் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

என் ஓட்டு மில்லிமீட்டருக்கு, அதுவும் இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால் மட்டும். முதல் எண் விட்டம், இரண்டாவது எண் உறையின் நீளம். நேட்டோ ஏற்ற 7.62×51, ஏகே-47இல் போடும் 7.62×39 இரண்டையும் ‘7.62’ என்று சுருக்கினால் ஒன்று போலவே கேட்கும். ஆனால் ஒன்றுக்குரிய துப்பாக்கியில் மற்றதைப் போட முடியாது. ‘9 எம்.எம்.’ என்ற பேச்சும் அப்படித்தான். 1902இல் ஜெர்மனியில் பிறந்த 9×19 பாரபெல்லத்தின் குண்டு ஏறத்தாழ 9.01 மி.மீ., சோவியத் 9×18 மகாரோவின் குண்டோ 9.27 மி.மீ. முதல் எண் இரண்டிலும் ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது அந்த 19உம் 18உம்தான்.