‘ஒரே ஒரு முறை சுட்டவை’ என்று நம்பி 240 டாலர் போனது: பழைய ரைஃபிள் கேஸ் வாங்குபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 240 டாலர். 600 கேஸ், அதாவது சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் பித்தளைக் கூடு. ‘ஒரே ஒரு முறை சுட்டவை’ என்று சொல்லி ஒரு மகானுபாவர் என் தலையில் கட்டியது, எத்தனை முறை சுட்டு எத்தனை முறை நிரப்பினார்களோ தெரியாத, ஆயுள் முடிந்த பித்தளை. ஆளின் பெயரையும் தளத்தின் பெயரையும் போடவில்லை, புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிச் சாமான்களைத் தனிநபர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் தளம், அவ்வளவு தெரிந்தால் போதும். பழைய கேஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ரீலோடிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு தோட்டாவைச் சுட்டால் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், மருந்துக்குத் தீ வைக்கும் பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கேஸ் மட்டும். அதை எடுத்து, டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்ட வாயை ட்ரிம் செய்து (வெட்டிச் சரிசெய்து), புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுகிறோம். அதனால் கேஸ் எத்தனை முறை தாங்கும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் கணக்கு வழக்கே. ஒருமுறை சுட்ட கேஸ் என்றால் முக்கால்வாசி ஆயுள் பாக்கி இருக்கிறது என்று நம்பித்தான் காசு கொடுக்கிறோம்.

நான் தேடியது .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவின் கேஸ். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், இலக்குச் சுடுதலுக்கு மட்டும். விளம்பரத்தில் இருந்தது இது: ‘ஒரே லாட். என் சொந்த ரைஃபிளில் ஒருமுறை மட்டும் சுட்டது. டையில் போடவில்லை, ட்ரிம் செய்யவில்லை. மெருகு மட்டும் போட்டிருக்கிறேன்.’ படத்தில் நான்கைந்து கேஸ் முன்னால் நிற்க, பின்னால் ஒரு குவியல்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். எந்த வகை ரைஃபிள், எவ்வளவு சூடான லோடு (பலமான மருந்து நிரப்பு), பிரைமர் எடுத்துவிட்டீர்களா. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. தொழிற்சாலைத் தோட்டா பெட்டியாக வாங்கிச் சுட்டதாகவும், இப்போது கண் சரியில்லாததால் சுடுவதை விட்டுவிட்டதாகவும், ரீலோடிங் மேஜையையே விற்றுவிடப் போவதாகவும் எழுதினார். ‘நண்பரே, குப்பையை விற்று உங்கள் விரலுக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தூக்கம் வராது’ என்றும் ஒரு வரி. அந்த வரியில்தான் விழுந்தேன். ஆபத்தைப் பற்றித் தானாகவே பேசும் ஆள் ஏமாற்ற மாட்டான் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அன்றே 240 டாலரை அனுப்பினேன்.

பெட்டி வந்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் பித்தளை பாலிஷ் நெடி மூக்கில் ஏறியது. அங்கேயே ஒரு சந்தேகம். வீட்டுப் பித்தளைச் சாமான் தேய்க்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. தோட்டாப் பித்தளைக்கு அது ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டதாம். குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து, உள்ளே இறுக்கம் தங்கியிருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. காரணம் தெளிவானது 1921 வாக்கில்தான். நூறு வருடமாகத் தெரிந்த விஷயம், ‘ரீலோடிங் மேஜை’ வைத்திருந்தவருக்குத் தெரியவில்லையாம்.

கொட்டிப் பார்த்தேன். ‘ஒரே லாட்’ என்றவை அடிப்பக்க முத்திரையிலேயே பல ரகம். சிலவற்றில் வட்டத்துக்குள் சிலுவை, அதாவது நேட்டோ ராணுவக் கேஸ். ராணுவக் கேஸ் பொதுவாகச் சுவர் தடித்தது, உள்ளே இடம் குறைவு. வழக்கமான லோடை அதில் அப்படியே போட்டால் அழுத்தம் ஏறும். ரகம் ரகமாகப் பிரிக்காமல் இவற்றைக் கலந்து விற்பதே தப்பு. அதைவிட, ராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க அதன் பள்ளத்தின் விளிம்பைக் கிரிம்ப் செய்து நெரித்திருப்பார்கள். மறுபடி பிரைமர் வைக்க வேண்டுமென்றால் அந்த நெரிப்பைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். இவற்றில் எல்லாம் சுரண்டியிருந்தது. டையிலேயே போடாத கேஸுக்குக் கிரிம்பை எடுக்கும் வேலை எதற்கு?

காலிப்பரை எடுத்தேன். .308 கேஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், ட்ரிம் செய்தால் 2.005-க்குக் கொண்டுவருவது வழக்கம். தொழிற்சாலையிலிருந்து வந்து ஒருமுறை சுட்ட கேஸ்கள் நீளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதிலும் பல ரகம் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இவை அத்தனையும் 2.005-ஐ ஒட்டியே நின்றன. வாய் விளிம்பில் உள்ளும் புறமும் சீவிய தடம் பளிச்சென்று தெரிந்தது. குண்டு ஒன்றைக் கேஸின் வாயில் வைத்தேன், இறங்கவில்லை. சுட்டபின் தொடாத கேஸில் கழுத்து விரிந்திருக்கும், குண்டு சாதாரணமாக உள்ளே நழுவும். ஆக டையிலும் போயிருக்கிறது, ட்ரிம்மும் ஆகியிருக்கிறது. ‘தொடவில்லை’ என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் என்ன பொருளோ.

அப்புறம் கம்பி. மெல்லிய கம்பியின் நுனியை ஊக்குப் போல வளைத்து, கேஸுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுத்துப் பார்ப்பது பழைய சோதனை. நல்ல கேஸில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். இதில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ‘டக்’ என்று மாட்டியது. சுற்றிலும் மாட்டியது. அடுத்ததிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். ஒன்றை வைஸில் பிடித்து நெடுக்காக ரம்பத்தால் அறுத்தேன். அடி தடிமனாக இருக்கிறது, சுவர் சீராக மேலே போகிறது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உட்புறம் பள்ளம் விழுந்து பித்தளை தாள் மாதிரி மெலிந்திருக்கிறது. வெளியே அதே உயரத்தில் ஒரு வெளிர்ந்த வளையம். பாலிஷ் போட்டு மறைத்தது அதைத்தான்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் என் கோபம் புரியும். இந்தப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது கேஸ் விரிந்து சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. முன்பகுதி சுவரைப் பிடித்துக்கொண்டிருக்க, அடிப்பகுதி அழுத்தத்தில், சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டை நோக்கிப் பின்னால் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் பித்தளை இழுபடுகிறது. டையில் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மேல் பின்னே தள்ளினால் அடுத்த முறை இன்னும் அதிகமாக இழுபடும். நீளும் பித்தளை வாய்ப்பக்கம் போய்ச் சேர, நாம் அதை ட்ரிம் செய்து குப்பையில் போடுகிறோம். அது கிளம்பி வந்த இடம் அந்தப் பள்ளம். ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். அடி மட்டும் வெளியே வரும், மீதி சேம்பரிலேயே மாட்டிக்கொள்ளும். சூடான வாயு முகத்தை நோக்கிப் பின்னால் வரவும் வாய்ப்பு உண்டு. கண்ணாடி போட்டிருந்தால் பிழைத்தோம்.

கழுத்து சாவது வேறு கதை. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் இறுகி ஒடிகிற மாதிரி, சுடும்போது விரிந்து டையில் சுருங்கி, விரிந்து சுருங்கி, கழுத்து இறுகிப்போய் வெடிக்கும். இதற்கு மருந்து உண்டு: கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக வைக்கும் அனீலிங். அடியைச் சூடாக்கவே கூடாது, இளகிய அடி அழுத்தம் தாங்காது. ஆனால் அடிக்கு மேலே மெலிந்துபோன சுவருக்கு எந்த அனீலிங்கும் உதவாது. அந்தக் கேஸை நசுக்கி உலோகக் குப்பையில் போடுவது ஒன்றுதான் வழி.

எத்தனை முறை தாங்கும் என்று கேட்டால் ஒரே எண் கிடையாது. மிதமான லோடு, தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் தள்ளும் டை, நேரத்துக்கு அனீலிங் என்றால் .308 கேஸ் பத்து முறையைத் தாண்டி ஓடும், இருபது பார்த்தவர்களும் உண்டு. சூடான லோடு போட்டால் அதற்கு முன்பே பிரைமர் பள்ளம் தளர்ந்துவிடும். தாராளமான சேம்பர் உள்ள பழைய லீ என்ஃபீல்டு ரைஃபிளில் சுட்ட .303 கேஸ் முழுவதையும் ஒவ்வொரு முறையும் டையில் அழுத்தினால் நாலைந்து முறையிலேயே கதை முடியும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட ராணுவக் கேஸ் முதல் சூட்டிலேயே நன்றாக இழுபட்டிருக்கும். என் பெட்டியில் பாதி அந்த ரகம் என்று சுடும் ரேஞ்சில் எங்கள் பெரியவர் சொன்னார். அறுத்த கேஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதை ஒருமுறை சுட்டதுன்னு சொன்னவன் எண்ணத் தெரியாதவன்’ என்றார். அவர் கையில் இருந்த வேறொரு கேஸில் புது பிரைமர் கட்டைவிரலால் அழுத்தியே உள்ளே போனது.

சரி, ஆளிடம் கேட்போம் என்று படங்களோடு எழுதினேன். வாங்கும் முன் உடனுக்குடன் பதில் சொன்ன மனிதர் இப்போது வாயே திறக்கவில்லை. மறுபடி எழுதினேன். ‘ஊரில் இல்லை, வந்து பார்க்கிறேன்’ என்றார். மறுபடி எழுதினேன். ‘உங்கள் ரைஃபிளின் சேம்பர் பெரிதாக இருக்கும், பரிசோதியுங்கள்’ என்றார். நான் ஒன்றைக்கூடச் சுடவில்லையே ஐயா, என் சேம்பருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதற்கு, ‘கம்பிச் சோதனை எல்லாம் நம்பகமானதல்ல.’ அறுத்த கேஸின் படத்தை அனுப்பினேன். ‘நீங்களே அறுத்துவிட்டீர்கள், அறுத்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது.’ 600-ல் ஒன்றை அறுத்ததற்கு 240 டாலரும் அவருக்கே சொந்தமாம்!

தளத்தின் லட்சணம் இன்னும் மோசம். முதலில் இயந்திரப் பதில். பிறகு ஒரு மனிதர் போலத் தெரிந்தவர், ‘விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்வதே எங்கள் விருப்பம்’ என்றார். பேசித்தானே பார்த்தேன். கடைசியில், பொருளைப் பரிசோதித்துத் திருப்பும் காலக்கெடு கடந்துவிட்டது என்று புகாரை மூடினார்கள். அந்தக் கெடு ஓடும்போதுதான் விற்றவர் ‘ஊரில் இல்லை’. தெரிந்தே இழுத்தடித்திருக்கிறார். புகாரை மறுபடி திறக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அட்டை கொடுத்த வங்கியிலும் சொல்லியிருக்கிறேன், படிவம் அனுப்பியிருக்கிறார்கள். 240 டாலர் வருமோ வராதோ.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இன்று பார்த்தால் அதே படம், அதே வாசகம், புது விளம்பரம். கேஸ் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது. புதிதாக ரீலோடிங் தொடங்கும் யாரோ ஒருவர் வாங்கி, கம்பியும் விடாமல், அப்படியே நிரப்பிச் சுடுவார். ‘விரலுக்கு ஏதாவது ஆனால் தூக்கம் வராது’ என்றவர் நன்றாகத்தான் தூங்குகிறார்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், வங்கிப் படிவம் பாதியில் கிடக்கிறது, அதனால் இவ்வளவு மட்டும். சுட்ட பிரைமர் உள்ளேயே இருக்கும் கேஸாகக் கேளுங்கள், ராணுவக் கேஸ் என்றால் கிரிம்ப் அப்படியே இருக்க வேண்டும். பளபளப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், அழுக்குக் கேஸில்தான் உண்மை தெரியும். வாய் விளிம்பையும் அடி முத்திரையையும் கிட்டத்தில் எடுத்த படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பெட்டி வந்த அன்றே கம்பி விட்டுப் பாருங்கள், மாட்டினால் அன்றே தளத்தில் புகார் பதியுங்கள், விற்றவரின் பதிலுக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், அந்த விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் கேட்டு, ‘கண் சரியில்லாததால் சுடுவதை விட்டுவிட்டேன்’ என்று யாராவது உங்களுக்கும் எழுதினால் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள், வங்கிக்குக் கொடுக்கும் புகாரோடு அதையும் சேர்க்கிறேன்.