வான் வீன் கிராப்: நாலு வருஷம் கழித்து

கடலடி மண்ணைக் கயிற்றில் இறக்கி அள்ளும் இரட்டைத் தாடை இரும்பு வாளிதான் என் வான் வீன் கிராப். அதன் கீல் ஊசி தேய்ந்துபோய், காசிமேட்டில் ஒரு லேத் பட்டறையில் போன வாரம்தான் மாற்றினேன். அன்றைக்கே தம்பி ஒருத்தன் போன் செய்தான். "அண்ணே, எரிமலைத் தீவுப் பக்கம் வேலை வந்திருக்கு. உங்க கிராபு மாதிரியே ஒண்ணு வாங்கிடட்டா?"

எண்ணூருக்கு வெளியே சேறும் நைஸ் மணலும் கிடக்கிற இடத்தில் இது தங்கம். தரை தட்டினதும் கொக்கி விடும், கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொண்டு வரும். யோகான் வான் வீன் 1933-ல் யோசித்த வடிவம்; பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

எரிமலைத் திட்டில்தான் என் வயிற்றெரிச்சல். பட்டாணி அளவு கறுப்புக் கல், உடம்பெல்லாம் பொத்தல். அது ஒன்று தாடையில் மாட்டினால் போதும், வாய் முழுசாக மூடாது. நாற்பது மீட்டர் ஏறி வருவதற்குள் அரிசி களைந்த தண்ணீர் போல ஒழுகிக்கொண்டே வரும். ஒழுகுவது பெரும்பாலும் 63 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழான சேறு. மணல் பெரும்பாலும் தங்கிவிடும். கிராப் காலியாக வந்தாலாவது மறுபடி இறக்கலாம்; இது பாதி நிறைந்து வந்து ஏமாற்றுகிறது. புவியியலாளர் ஃபோக் 1954-ல் கடலடி மண்ணை வகைபிரித்த முறையில் மணலுக்கும் சேற்றுக்கும் 9:1 விகிதம் ஒரு எல்லைக்கோடு. மணல் 88, சேறு 12 சதவீதம் இருந்தால் சேற்று மணல். ஒழுகி சேறு 7 சதவீதம் ஆகிவிட்டால் வெறும் மணல். கடலடி அதேதான், பெயர் மட்டும் மாறிவிட்டது. அந்தப் பெயரை நம்பித்தான் மல்டிபீம் எதிரொலிப் படம் (ஒலி அலை அனுப்பிக் கடலடியை வரைந்த படம்) முழுக்க வண்ணம் பூசுகிறோம்!

நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஒரே பருமனில் பாசால்ட் என்னும் எரிமலைப் பாறை மணலும் சிப்பித் தூளும் கிடந்தால், எதிரொலியை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். தட்டில் கொட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு விட்டேன். வெள்ளைச் சிப்பித் துகள் பொங்கி நுரைத்தது, பக்கத்திலேயே கறுப்பு பாசால்ட் துகள் அசையாமல் கிடந்தது. முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதை அள்ளி வந்து கொடுத்தது இதே ஒழுகல் இரும்புதான்.

தம்பி, நீ வாங்காதே. கப்பலில் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) இருந்தால் ஹேமன் கிராப் கேள். அது பக்கவாட்டில் அள்ளித் தகட்டோடு வாயை அடைத்துக்கொள்ளும், கல் மாட்டுவது குறைவு. வின்ச் இல்லாமல் இதையே இறக்க நேர்ந்தால், ஒழுகின சாம்பிளை "ஒழுகியது" என்று எழுதாமல் பையில் போடாதே. என்னுடையதை மட்டும் இரவல் கேட்காதே. அடுத்த மாசம் அந்தமான் கப்பலில் அது என்னோடு வருகிறது.