மாமா வரமாட்டார், அத்தை எங்கே போவது?

குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் இடங்களை ஒப்பிடுகிறவர்கள், எது குணப்படுத்தும் என்றுதான் கேட்கிறார்கள். என் கேள்வி வேறு. மாமா வரமாட்டேன் என்கிறார். அத்தை மட்டும் தனியாகப் போனால் யார் உட்காரவைத்துப் பேசுவார்கள்? சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் அத்தைக்காக ஓராண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் முதல் மருந்து மாலைதான். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டால் மாமா 41 நாள் சொட்டுகூடத் தொடமாட்டார். வீடே கோயில் மாதிரி இருக்கும். மாலையைக் கழற்றிய மறுநாள் கோப்பிக்கடையில் பழைய மேசை, பழைய கூட்டாளிகள். "அப்போது முடிந்ததே, இப்போது ஏன் முடியவில்லை?" என்று அத்தை கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. 42ஆம் நாள் என்ன செய்வது என்று அது சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. போன கார்த்திகையில் விரதம் தொடங்கி மூன்றாம் நாள், தீக்குச்சியை விளக்குத் திரியில் வைக்க முடியாமல் மாமாவின் கை நடுங்கியது. பக்திப் பரவசம் என்றார்கள். தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும். சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

மருத்துவம் என்றால் புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம். அங்கே இயங்கும் தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவையில் குடியை நிறுத்தும்போது வரும் உடல் தொல்லைக்குச் சிகிச்சை, ஆலோசனை, குடும்பத்தாருக்கான வழிகாட்டுதல் எல்லாம் உண்டு. ஆனால் பெயரைச் சொன்னதுமே மாமா, "என்னை உட்பிரிட்ஜுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று சீறினார். அந்த மருத்துவமனை புவாங்கோக்குக்கு இடம் மாறியது 1993இல். உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயர் மட்டும் நம் வாயை விட்டுப் போகவில்லை. மது, சூதாட்டம் என்றால் தயங்காமல் போகலாம். போதைப்பொருள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: தம்மிடம் வருபவர் அதற்கு அடிமையானவர் என்று கருதும் மருத்துவர், ஏழு நாளுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம்.

அத்தைக்குப் பொருந்தியது இதற்கு நேர் எதிரான இடம். குடிப்பவர்கள் தங்களுக்குள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரின் மனைவி, குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்க உதவியது அல்-அனான். சிங்கப்பூரில் இரண்டும் உண்டு. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, மருத்துவரும் இல்லை. ஒரு வட்டம், சில நாற்காலிகள், அவ்வளவுதான். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகவே அத்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அத்தை இரவில் மாமாவின் போத்தலை எடுத்து, மது நிற்கும் மட்டத்தில் லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு வைப்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, கோட்டுக்குக் கீழே எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. அந்த வட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது மூன்றே வரி: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்க முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. நாங்கள் போன கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. பாதியை நான் காதோடு காதாகத் தமிழில் சொன்னேன். நான்காவது வாரம் பேனா மளிகைக் கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிட்டது. மாமா குடிப்பது குறையவில்லை, அத்தை தூங்குகிறார். என் கணக்கில் அது பெரிய லாபம்.

குறை மொழிதான். அந்த வட்டத்தில் வரும், இறைசக்தியிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு எங்களை உறுத்தவில்லை. உறுத்துகிறவர்களுக்குக் கடவுளைத் தொடாத ஸ்மார்ட் ரிகவரி முறை இருக்கிறது. மொழிக்காக நாங்கள் போனது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, பீட்டி ரோட்டில் நடத்தும் குடும்பச் சேவை நிலையம். குழந்தைகளின் படிப்பு, வீட்டுச் செலவு, கடன் எல்லாவற்றையும் அத்தை தமிழிலேயே கொட்டினார். ஆனால் சமூக ஊழியர் குடிப்பவரின் மனைவியாக வாழ்ந்தவர் அல்லர். அந்த இடத்தை வட்டம்தான் நிரப்புகிறது. இரண்டுக்கும் போகச் சொல்வேன்.

இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமத்தில் சேர்த்துவிடலாமே என்பார்கள். அது மறுவாழ்வு இல்லம். பெரும்பாலும் சிறைத் தண்டனையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. கணவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடமல்ல.

சூதாட்டமாக இருந்தால் அத்தைக்குக் கூடுதல் ஆயுதம் இருந்திருக்கும். கணவரின் சம்மதம் இல்லாமலே, அவர் சூதாட்டக் கூடத்துக்குள் நுழையத் தடை கேட்டு மனைவி விண்ணப்பிக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரும் கேட்கலாம். உள்ளே போக 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். குடிக்கு அப்படியொரு கதவடைப்பு இல்லை.

வரும் கார்த்திகைக்கும் மாலை போடப்போவதாக மாமா சொல்லியிருக்கிறார். குருசாமியைப் பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்று அத்தை ஒரே பிடியாக நிற்கிறார். மாமா இன்னும் சரி என்று சொல்லவில்லை.