ஒயர் இழுக்காமல் வீட்டில் இன்னொரு போன்: கார்ட்லெஸ்ஸா, பிளக் பாயின்ட்டா, இணையமா?

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இருக்கும் லேண்ட்லைனின் அதே எண் மாடியிலும் அடிக்க வேண்டுமா, இல்லை தனி எண் வேண்டுமா? தனி எண் என்றால் பேச்சே இல்லை, இணைய வழி போன்தான். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவு வேகம் இருந்தால் போதும். பழைய ஸ்மார்ட்போனில் ஆப் போட்டு வைஃபையில் விட்டாலே தனி போனாகிவிடும். இணையம் படுத்தால் போனும் படுக்கும், அவ்வளவுதான்.

அதே எண் போதும் என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, குரலை வீட்டு மின்கம்பி வழியாகவே அனுப்பும் ஜாக். ஒரு பெட்டி டெலிபோன் பாயின்ட் பக்கம், இன்னொன்று வேண்டிய அறையின் பிளக் பாயின்ட்டில். பழைய போன், ஃபேக்ஸ் எல்லாவற்றையும் அப்படியே மாட்டலாம். தெரிந்தவர் வீட்டில் கொஞ்ச காலம் பார்த்ததுதான் என் அனுபவம். மிக்ஸி ஓடும்போதெல்லாம் கரகரப்பு. த்ரீ ஃபேஸ் வீட்டில் இரு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னலே போய்ச் சேராமல் போகலாம்.

இன்னொன்று நான் வாங்கியது: ஒரே பேஸில், அதாவது தாய்ப்பெட்டியில், பல ஹேண்ட்செட் சேரும் டெக்ட் (கார்ட்லெஸ் போன்களுக்கான ரேடியோ தரம்) கார்ட்லெஸ். பேஸ் மட்டும் டெலிபோன் பாயின்ட்டில் இருக்கும். மற்ற ஹேண்ட்செட்டுகளுக்கு சார்ஜ் ஏற்ற ஒரு பிளக் போதும். 1.9 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோடு மல்லுக்கட்டாது. வீட்டுக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும் என்பார்கள், கான்கிரீட் தளம் அதில் நன்றாகவே கடிக்கும். கீழிருந்து மாடிக்கு இன்டர்காமில் கூப்பிடலாம் என்பது இலவச இணைப்பு.

வாங்குமுன் பார்க்க வேண்டியது பேட்டரி மூடிக்குள். சில மாடல்களில் பிளாஸ்டிக் உறை போட்ட இரட்டை செல், குட்டி சிவப்பு கறுப்பு ஒயரோடு. நாலைந்து வருடத்தில் அது சார்ஜ் தாங்காது. அதே பேக் கிடைக்காமல் நல்ல ஹேண்ட்செட் குப்பைக்குப் போகும். சாதாரண ட்ரிபிள் ஏ அளவு ரீசார்ஜபிள் செல், அதாவது 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, போடும் மாடல் என்றால் ஒரு நிமிட வேலை. இரண்டு செல்லையும் சேர்த்தே மாற்றுங்கள். டிவி ரிமோட்டுக்கு வாங்கும் 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைப் போட்டு சார்ஜ் தொட்டிலில் வைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது கசியும், வெடிக்கவும் கூடும். அம்சங்களின் பட்டியலைவிட எனக்கு இந்த மூடிதான் முக்கியம்.

கரண்ட் போனால் பேஸ் செத்துவிடும், கூடவே எல்லா ஹேண்ட்செட்டும். செம்புக் கம்பி லேண்ட்லைன் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருவதால் சாதாரண ஒயர் போன் ஒன்றை அதே பாயின்ட்டில் மாட்டி வையுங்கள். ஃபைபர் என்றால் அந்த வசதி கிடையாது; ரவுட்டர் இருக்கும் யூபிஎஸ்ஸிலேயே பேஸையும் சேர்த்துவிடுங்கள், சில வாட்தான் இழுக்கும்.